தோற்ற கோச்சைத் திட்டுவதற்கு முன்: தேசியக் கால்பந்து அணிப் பயிற்சியாளரை எடைபோடுவது எப்படி

ஒரு நோட்டும் பேனாவும் போதும். எந்தக் கோச்சைப் பற்றிச் சண்டையோ, அவர் தோற்று வெளியேறிய ஆட்டங்களின் முழுப் பதிவும் கிடைத்தால் இன்னும் நல்லது. ஹைலைட்ஸை நம்பாதீர்கள். அதில் கோல்தான் இருக்கும். கோச் செய்த வேலையும் செய்யாமல் விட்ட வேலையும் அந்தக் கோலுக்கு முந்தைய இருபது நிமிடத்தில் கிடக்கும்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரன். எங்கள் பக்கம் உலகக் கோப்பை வந்தால் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் ஃபிளெக்ஸ் கட்டிச் சண்டை போடுவார்கள். நான் எப்படியோ இங்கிலாந்துக்காரனாகிவிட்டேன். ஆகவே “இவ்வளவு பெரிய ஆட்கள் இருந்தும் கப் அடிக்கலையே, கோச் வேஸ்ட்டுண்ணே” என்ற தீர்ப்பை டீக்கடையில் அதிகம் கேட்டவர்களில் நானும் ஒருவன். அந்தத் தீர்ப்பைச் சோதித்துப் பார்க்கத்தான் இந்த முறை. உதாரணத்துக்கு ஸ்வென் யோரான் எரிக்ஸனை எடுத்துக்கொள்கிறேன். 2001 முதல் 2006 வரை இங்கிலாந்தின் கோச். அந்த அணிக்கு வந்த முதல் வெளிநாட்டுக்காரர். பெக்காம், ஜெரார்ட், லாம்பார்ட், ஸ்கோல்ஸ், ஓவன், ரூனி, டெர்ரி, ஃபெர்டினாண்ட் எல்லோரும் கையில் இருந்தும் ஒரு அரையிறுதிகூடப் பார்க்கவில்லை.

முதல் வேலை, நட்பு ஆட்டங்களைத் தனியே ஒதுக்குவது. எரிக்ஸனின் கணக்கு 67 ஆட்டம், 40 வெற்றி, 17 டிரா, 10 தோல்வி. அந்த 10ல் பெரும்பாலானவை நட்பு ஆட்டங்கள். 2003 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவிடம் 1-3 என்று தோற்றபோது இடைவேளையில் பதினோரு பேரையும் மொத்தமாக மாற்றினார். அதை எப்படிக் கணக்கில் சேர்ப்பது? அதையெல்லாம் அடித்துவிட்டால் போட்டி ஆட்டங்களில் அவர் தோற்றது மூன்றே முறை: 2002ல் பிரேசில், 2004ல் பிரான்ஸ், 2005ல் வட அயர்லாந்து. பெனால்டி ஷூட் அவுட்டில் போனவை டிரா என்றே பதிவாகும். ஆக, தோல்விக் கணக்கைப் பார்த்தால் மனிதர் மேதை, கோப்பைக் கணக்கைப் பார்த்தால் பூஜ்ஜியம். இரண்டையும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்து, “திறமையான அணி” என்ற பேச்சைச் சோதியுங்கள். வீரர் பெயர்களை எழுதாமல் முதலில் பதினோரு இடங்களை எழுதுங்கள். கோல்கீப்பர், வலது பேக், இடது பேக் (இரண்டு ஓரத்துத் தடுப்பாட்டக்காரர்கள்), இப்படி. அப்புறம் ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே, அந்த இடத்திலேயே தன் கிளப்புக்கு ஆடுகிறவர் யார் என்று நிரப்புங்கள். எரிக்ஸனின் இங்கிலாந்துக்கு இதைச் செய்தால் நடுகளத்தில் ஒரே இடத்துக்கு மூன்று பேர் முட்டிக்கொள்வார்கள். இடது விங், அதாவது இடது ஓரமாகப் பந்தை முன்னே கொண்டுபோகிற இடம், காலி. நாலு சமையல்காரர் இருந்தும் பரிமாற ஆளில்லாத கல்யாண வீடு மாதிரி. 2004ல் அந்த ஓட்டையை அடைக்க ஸ்கோல்ஸை இடது பக்கம் தள்ளினார்கள். யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) முடிந்ததும் ஸ்கோல்ஸ் 29 வயதில் நாட்டுக்காக ஆடுவதையே நிறுத்திக்கொண்டார். 2006ல் அதே இடத்தில் வலது கால்காரரான ஜோ கோல்.

பெல்ஜியத்துக்கும் இதே நோய்தான், இடம் மட்டும் வேறு. ஹசார்ட், டி ப்ரூய்னா, லுக்காக்கு, கோர்ட்வா என்று பெயர்கள் மின்னும். பேக் லைனின் (தடுப்பு வரிசையின்) இரண்டு ஓரத்திலும் ஆள் கிடையாது. 2014ல் மார்க் வில்மோட்ஸ் நடுவில் தடுக்கிற சென்டர் பேக்குகளான ஆல்டர்வெய்ரெல்டையும் வெர்டோங்கனையும் ஓரத்தில் நிறுத்திச் சமாளித்தார். பின்னால் வந்த ரொபெர்ட்டோ மார்ட்டினெஸ் மூன்று பேர் பேக் லைன் வைத்து, விங்கரான கராஸ்கோவை ஓரம் முழுக்க ஓடவிட்டார். ஓட்டையைப் பார்த்து அதற்கேற்ப ஆட்டத்தை வளைத்த கோச்சுக்கு ஒரு மதிப்பெண் போடுங்கள். 2018ல் பிரேசிலை 2-1 என்று வீட்டுக்கு அனுப்பி மூன்றாம் இடம் பிடித்த அணி அது. சும்மா வரவில்லை.

மூன்றாவதாக அணித் தேர்வு. கோச்சின் கையெழுத்து சுத்தமாகத் தெரிகிற இடம் இதுதான். ஆட்டத்தில் காற்று, நடுவர், கால் வழுக்கல் எல்லாம் கலக்கும். பட்டியலை மட்டும் அவரே உட்கார்ந்து எழுதுகிறார். 2006 உலகக் கோப்பைக்கு எரிக்ஸன் எழுதிய 23 பேரில் ஃபார்வர்டுகள் நாலே பேர். ரூனிக்கு ஏப்ரல் கடைசியில் பாத எலும்பு முறிந்திருந்தது. ஓவனுக்கு முந்தைய டிசம்பர் 31ல் அதே மாதிரி முறிவு. மூன்றாமவர் க்ரவுச். நாலாமவர் தியோ வால்காட், வயது 17, பிரீமியர் லீகில் அதுவரை ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். பிரீமியர் லீகில் ஆடிக்கொண்டிருந்த டெஃபோ பட்டியலில் இல்லை. நடந்தது என்ன? சுவீடனுக்கு எதிரான ஆட்டத்தின் முதல் நிமிடத்திலேயே ஓவனுக்கு முழங்கால் போச்சு. கால் இறுதியில் 62வது நிமிடத்தில் ரூனிக்கு ரெட் கார்டு. க்ரவுச் தனியாக ஓடினார். வால்காட் அந்தத் தொடரில் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. ஆட வைக்க மனசில்லாத பையனை ஏன் கூட்டிப்போக வேண்டும்? எரிக்ஸன் மேல் எனக்குப் பல விஷயங்களில் இரக்கம் உண்டு, இதில் கிடையாது.

தேர்வின் மறுபக்கத்தையும் பாருங்கள்: யாரை விட்டார்? 2002ல் நாடே கேட்டும் பிரேசில் கோச் ஸ்கொலாரி நட்சத்திர ஃபார்வர்டு ரொமாரியோவைச் சேர்க்கவில்லை. 2006 செப்டம்பரில் வட அயர்லாந்திடம் 2-3 என்று தோற்ற பிறகு ஸ்பெயின் கோச் லூயிஸ் அரகோனெஸ் நட்சத்திர ஃபார்வர்டு ராவுலை மறுபடி கூப்பிடவே இல்லை. ஸ்பெயின் பத்திரிகைகள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டன. பிரேசில் 2002லேயே உலகக் கோப்பையை வென்றது, ஸ்பெயின் 2008 யூரோவை வென்றது. வென்றதால்தான் இன்று தைரியம் என்கிறோம், சரி. ஆனாலும் பெரிய பெயரை நீக்கி ஒரு தெளிவான ஆட்டமுறையைக் கொண்டுவந்தாரா என்பதைக் கோப்பை வருவதற்கு முன்பே நோட்டில் குறித்துவிட முடியும்.

இப்போது முக்கியமான வேலை. நாக் அவுட் (தோற்றால் வெளியேற வேண்டிய) ஆட்டத் தோல்வி ஒவ்வொன்றையும் சுமார் 55வது நிமிடத்திலிருந்து பாருங்கள். பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடது பக்கம் நம் கோச் செய்த மாற்றங்கள், வலது பக்கம் எதிரணிக் கோச் செய்தவை. யார் வெளியே, யார் உள்ளே, எந்த நிமிடம்.

லிஸ்பன், 2004 ஜூன் 24, இங்கிலாந்து எதிர் போர்ச்சுக்கல். மூன்றாவது நிமிடத்தில் ஓவன் கோல். 27வது நிமிடத்தில் ரூனி பாத எலும்பு முறிந்து வெளியேற, டேரியஸ் வாசல் என்ற ஃபார்வர்டு வருகிறார். இது வரை யார் மேலும் குற்றமில்லை. 57வது நிமிடத்தில் ஸ்கோல்ஸ் வெளியே, ஃபில் நெவில் உள்ளே. அதாவது பந்தை வைத்துக்கொள்ளத் தெரிந்தவர் போய், தடுப்பாட்டக்காரர் நடுகளத்துக்கு வருகிறார். 80வது நிமிடம் தாண்டியதும் ஜெரார்ட் போய் ஹார்கிரீவ்ஸ். வலது பத்தியைப் பாருங்கள். அப்போது போர்ச்சுக்கல் கோச்சாக இருந்த ஸ்கொலாரி 63வது நிமிடத்தில் தடுப்பு மிட்ஃபீல்டர் கோஸ்டின்யாவை எடுத்து விங்கர் சிமாவோவை விடுகிறார். 75வது நிமிடத்தில் சொந்த மண்ணில், சொந்தக் கூட்டத்துக்கு முன்னால், கேப்டன் ஃபிகோவை எடுத்து போஸ்டிகாவை விடுகிறார். பிறகு வலது பேக் மிகேலை எடுத்து ரூயி கோஸ்டா. 83வது நிமிடத்தில் சமன் செய்தவர் போஸ்டிகா. கூடுதல் நேரத்தில் போர்ச்சுக்கலை முன்னே கொண்டுபோனவர் ரூயி கோஸ்டா. லாம்பார்ட் 2-2 ஆக்கி ஆட்டத்தை ஷூட் அவுட்டுக்கு இழுத்தார். அங்கே போர்ச்சுக்கல் கீப்பர் ரிக்கார்டோ கையுறையைக் கழற்றிவிட்டு வாசலின் பந்தைத் தடுத்து, பிறகு தானே வந்து கடைசிப் பெனால்டியையும் அடித்தார். ஆனால் நோட்டைப் பார்த்தால் ஆட்டம் திரும்பியது 57க்கும் 83க்கும் நடுவில் என்று புரியும்.

2002லும் எதிரே நின்றவர் இதே ஸ்கொலாரி, பிரேசில் கோச்சாக. 57வது நிமிடத்தில் ரொனால்டினோ ரெட் கார்டு வாங்கிப் போன பிறகு, அரை மணிக்கும் மேல் ஒரு ஆள் கூடுதலாக இருந்தும் இங்கிலாந்தால் ஒரு கோல் போட முடியவில்லை. 2006லும் ஸ்கொலாரிதான், மறுபடி போர்ச்சுக்கலோடு. மூன்று தொடர், மூன்று கால் இறுதி, மூன்றிலும் ஒரே எதிரி. நோட்டில் எதிரணிக் கோச்சின் பெயரையும் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

இதே அட்டவணையைப் பின்னால் வந்தவர்களுக்கும் போடுங்கள், அப்போதுதான் குற்றம் ஆளுடையதா ஊருடையதா என்று தெரியும். காரெத் சவுத்கேட்டின் 2018 அரையிறுதி: ஐந்தாவது நிமிடத்தில் ட்ரிப்பியர் ஃப்ரீ கிக், 68ல் குரோஷியா சமன், கூடுதல் நேரத்தில் தோல்வி. 2021 யூரோ இறுதி: இரண்டாவது நிமிடத்தில் ஷா கோல், 67ல் போனுச்சி சமன், பெனால்டியில் தோல்வி. இத்தாலியின் மான்சினி 55வது நிமிடத்துக்குள் இரண்டு பேரை மாற்றியிருந்தார். சவுத்கேட்டின் முதல் மாற்றம் கோல் விழுந்த பிறகுதான் வந்தது. சீக்கிரம் கோல் போடு, பின்வாங்கு, பந்தை எதிரிக்குக் கொடு, களைத்துப் போ. இரண்டு கோச், வேறு வேறு தலைமுறை, அதே கதை. அதனால் லிஸ்பன் பழியில் பாதியைத்தான் எரிக்ஸன் பெயரில் எழுதுவேன். மீதி, முன்னிலையில் இருக்கும்போது பந்தை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கப் பழகாத ஒரு கால்பந்துப் பண்பாட்டுக்கு. சவுத்கேட் 2024 யூரோவில் கொஞ்சம் மாறினார் என்பதையும் எழுத வேண்டும். அரையிறுதியில் கேப்டன் கேனையே எடுத்துவிட்டு வாட்கின்ஸை விட்டார், 90வது நிமிடத்தையொட்டி வாட்கின்ஸ் அடித்தார். இறுதியில் சமன் செய்த பால்மரும் மாற்றாக வந்தவர்தான்.

அதிர்ஷ்டத்துக்குத் தனிப் பத்தி வையுங்கள். லிஸ்பனில் கடைசி நேரத்தில் கேம்பெல் போட்ட கோலை நடுவர் ஊர்ஸ் மையர் ஏற்கவில்லை. அது இங்கே போகும். 2008 கால் இறுதியில் ஸ்பெயின் இத்தாலியைப் பெனால்டியில் வென்றதும் இங்கேதான் போகும். ஸ்பெயின் கீப்பர் கசியாஸ் அன்று இரண்டு தடுக்காவிட்டால் ராவுலை விட்ட அரகோனெஸ் இன்றைக்கும் வில்லன்தான். முடிவை அதிர்ஷ்டத்தில் போட்டாலும் தயாரிப்பைப் போடாதீர்கள். 2006ல் பெனால்டி அடிப்பதற்கென்றே கடைசி நிமிடங்களில் காரகரை இறக்கினார்கள். நடுவர் விசில் ஊதுமுன் அடித்ததால் திரும்ப அடிக்கச் சொல்ல, ரிக்கார்டோ தடுத்துவிட்டார். சவுத்கேட் 2018ல் பெனால்டியை ஒரு பாடமாகவே எடுத்துப் பயிற்சி கொடுத்து, உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் முதல் ஷூட் அவுட் வெற்றியைக் கொண்டுவந்தார். அதே ஆள் 2021ல் ராஷ்ஃபோர்டையும் சாஞ்சோவையும் 120வது நிமிடத்தில் இறக்கி, பந்தைச் சரியாகத் தொடக்கூட நேரமில்லாமல் பெனால்டிக்கு அனுப்பினார். இரண்டும் தவறின. சாகாவுடையதும் தவறியது.

டிரெஸ்ஸிங் ரூம் விஷயத்தை வேகமாகக் கடந்துவிடலாம், வெளியே இருந்து பார்க்கிற நமக்கு அதிகம் தெரியாது. கிளப் பகையால் இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் மனம்விட்டுப் பேசவில்லை என்று ரியோ ஃபெர்டினாண்டே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ரியல் மாட்ரிட், பார்சிலோனா சண்டை முற்றிய 2011ல் மாட்ரிட்டின் கசியாஸ் போனை எடுத்து, ஸ்பெயின் அணியில் தன்னோடு ஆடிய பார்சிலோனாவின் சாவியிடம் பேசித் தணித்தார். அதைக் கோச் செய்யவில்லை, ஆட்டக்காரர்களே செய்தார்கள். தேசிய அணிக் கோச்சுக்கு வருடத்தில் கிடைப்பது சில வாரங்கள்தான். அதில் அவர் எத்தனை பேரைக் கட்டிப்பிடிக்க வைப்பார்?

கடைசியாக, வாங்கியதையும் விட்டுப்போனதையும் எழுதுங்கள். எரிக்ஸன் வாங்கியது, கெவின் கீகன் பாதியில் விட்டுப்போன, தகுதிச் சுற்றில் தடுமாறிய அணி. அதை வைத்து மியூனிக்கில் ஜெர்மனியை 5-1 அடித்தார். போனபோது உதவியாளர் மெக்லாரனிடம் கொடுத்தார், 2008 யூரோவுக்கே இங்கிலாந்து தகுதி பெறவில்லை. சவுத்கேட் வாங்கியது ஐஸ்லாந்திடம் தோற்ற அணி, விட்டது அடுத்தடுத்து இரண்டு யூரோ இறுதி ஆடிய அணி. ஆனால் முழுப் புகழும் அவருக்கா? 2017 அக்டோபரில் நம் கொல்கத்தாவில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதியில் ஸ்பெயினிடம் 0-2 என்று பின்தங்கி 5-2 என்று வென்ற பையன்களில் ஃபோடனும் குவேஹியும் இருந்தார்கள். அவர்களை வளர்த்தது வேறு கைகள்.

மார்ட்டினெஸுக்குக் குட்டு விழுவதும் இந்தக் கட்டத்தில்தான். 2018 முதல் பெல்ஜிய சங்கத்தின் டெக்னிக்கல் டைரக்டராகவும் அவரே இருந்தார், ஆகவே இளைஞர் வரத்து இல்லை என்று அவர் சாக்குச் சொல்ல முடியாது. 2022ல் 35 வயது வெர்டோங்கனையும் 33 வயது ஆல்டர்வெய்ரெல்டையும் வைத்துப் போனார். நமக்கு வயதாகிவிட்டது என்று டி ப்ரூய்னாவே அப்போது வெளிப்படையாகச் சொன்னார். மொராக்கோவிடம் 0-2, குரோஷியாவோடு 0-0, முதல் சுற்றிலேயே வீடு. தன்னை மூன்றாம் இடத்துக்குத் தூக்கியவர்களைக் கைவிட அவருக்கு மனம் வரவில்லை.

எரிக்ஸனுக்கு என் தீர்ப்பு: தகுதிச் சுற்று பாஸ், மியூனிக் தனிச் சிறப்பு, 2006 பட்டியல் ஃபெயில், லிஸ்பன் பாதி ஃபெயில். வேஸ்ட் இல்லை. 2024ல் அவர் இறந்தபோது வந்த புகழுரைகள் அளவுக்கு மேதையும் இல்லை.

முறை கை வந்ததா என்று பார்க்க ஸ்கொலாரியை நீங்களே போட்டுப் பாருங்கள். 2002 உலகக் கோப்பை அவருடையது. 2004ல் சொந்த மண்ணில் கிரீஸிடம் ஒரே தொடரில் இரண்டு முறை தோற்றவரும் அவர்தான். அப்புறம் 2014 ஜூலை 8, பெலோ ஹொரிசோன்டே, ஜெர்மனி 7 பிரேசில் 1. நெய்மாருக்குக் காயம், தியாகோ சில்வாவுக்குத் தடை, இரண்டையும் தாராளமாக அதிர்ஷ்டப் பத்தியில் போடுங்கள். பிறகு இடது பத்திக்கு வாருங்கள். 29வது நிமிடத்தில் 5-0. அவர் செய்த முதல் மாற்றம் இடைவேளைக்குப் பிறகு.