எடை ஏறாமல் ஸ்குவாட் ஏற வேண்டுமா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

"ஸ்குவாட் ஏறணும்னா முதல்ல உடம்பை ஏத்து தம்பி." ஜிம்முக்குப் போன முதல் வருஷம் எனக்குக் கிடைத்த அறிவுரை இது. ஸ்குவாட் என்றால் எடை மாட்டிய இரும்புக் கம்பியை, அதாவது பாரை, தோளில் சுமந்து குந்தி எழுவது. சொன்னவர் நல்ல மனுஷர், நானும் கேட்டேன். காலையில் வாழைப்பழ மில்க் ஷேக், ராத்திரி புரோட்டா. ஆறே மாதத்தில் 64 கிலோவிலிருந்து 73க்குப் போனேன். ஸ்குவாட் 100 கிலோவிலிருந்து 115 ஆனது. பவர்லிஃப்டிங்கில் (ஸ்குவாட் உட்பட மூன்று விதமாக அதிகபட்ச எடை தூக்கும் போட்டி) 66 கிலோ பிரிவுக்குப் பெயர் கொடுத்திருந்ததால் மறுபடி இறக்க வேண்டிவந்தது. உடம்பு இறங்கியதும் ஸ்குவாட்டும் 105க்கு வந்து நின்றது. ஒன்பது கிலோவை ஏற்றி இறக்கி நான் மிச்சம் பிடித்தது வெறும் 5 கிலோ.

எடைப் பிரிவில் போட்டியிடுபவர்களுக்கும், கபடி, ஓட்டம் என்று உடம்பை லேசாக வைத்துக்கொள்ள வேண்டியவர்களுக்கும், பழைய பேன்ட்டே போதும் என்று நினைப்பவர்களுக்கும் இது பொதுப் பிரச்சினை. தவறுகளும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒன்றுதான்.

எடைதான் பலம் என்ற கணக்கு

பெரிய தசைக்குப் பெரிய பலம் என்பது பொய்யில்லை. ஆனால் இருக்கிற தசையில் எத்தனை இழைகளை மூளையால் ஒரே நேரத்தில் வேலைக்கு இழுக்க முடிகிறது, தொடையும் இடுப்பும் முதுகும் எவ்வளவு ஒத்து இயங்குகின்றன என்பதும் பலம்தான். புதிதாகத் தூக்க ஆரம்பிப்பவருக்கு முதல் சில வாரங்களில் பார் மளமளவென்று ஏறுவதற்கு முக்கியக் காரணம் இந்த நரம்புப் பழக்கம். தசை வளர்வது அதற்குப் பிறகு மெதுவாகத்தான் நடக்கும். நரம்பு பழகியதற்கு எடை மெஷின் ஒரு கிராம்கூடக் கூட்டிக் காட்டாது.

1988 சியோல் ஒலிம்பிக்கில் துருக்கியின் நைம் சுலைமானோக்லு 60 கிலோ பிரிவில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் (பாரைத் தரையிலிருந்து தோளுக்கும், பிறகு தலைக்கு மேலும் தூக்குவது) 190 கிலோ தூக்கினார். உடல் எடையைப்போல மூன்று மடங்குக்கும் மேல். அந்த 190 கிலோவைத் தோளில் வாங்கி, ஆழக் குந்தி, எழுந்து நின்ற பிறகுதான் தலைக்கு மேல் தள்ள முடியும், அதாவது நடுவில் ஒரு முழு ஃப்ரன்ட் ஸ்குவாட் (பாரைத் தோளின் முன்பக்கம் வைத்துக் குந்தி எழுவது) ஒளிந்திருக்கிறது. நம் மீராபாய் சானு 2021இல் தாஷ்கண்டில் அதே முறையில் 119 கிலோ தூக்கி உலக சாதனை படைத்தது 49 கிலோ பிரிவில். அவர்களுடைய பிறவித் திறமையும் பல வருடப் பயிற்சியும் நமக்கு வராது. ஆனால் பளு தூக்கும் வீரர்கள் ஸ்குவாட்டை எப்படிப் பழகுகிறார்கள் என்பதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

களைத்துப்போவதுதான் பயிற்சி என்று நினைப்பது

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். தண்டால், பஸ்கி எடுத்து வளர்ந்த ஊர் நம்முடையது. 200 பஸ்கி, 500 பஸ்கி என்று எண்ணிக்கையைச் சொல்லித்தான் பெருமைப்படுவோம். அதில் வருவது தாக்குப்பிடிக்கும் திறன். தோளில் 120 கிலோவோடு ஒரு தடவை எழுவது வேறு வித்தை. 500 பஸ்கி எடுத்தவருக்கு அது தானாக வந்துவிடாது.

பஸ்கியை விட்டவர்கள் அடுத்து விழும் குழி, வாரம் ஒரே ஒரு லெக் டே, அதாவது கால் பயிற்சி நாள். ஸ்குவாட்டில் 12 ரெப் (12 தடவை), தொடை நடுங்கும் வரை. உடனே லெக் பிரஸ், லன்ஜ், லெக் எக்ஸ்டென்ஷன். மறுநாள் படி இறங்க முடியாது, 'செம வொர்க் அவுட்' என்று ஸ்டேட்டஸ் போடலாம். தசை நிறையக் களைக்கும்படி அதிக செட் (நடுவில் நிறுத்தாமல் எடுக்கும் ஒரு சுற்று ரெப்), அதிக ரெப் செய்து, கூடவே அதிகம் சாப்பிட்டால் தொடை பருக்கும். அதை வேண்டாம் என்பவர் அதையே செய்துவிட்டு, எடை ஏறுகிறதே என்று புலம்புவதில் நியாயமில்லை.

எடை ஏறாமல் பலம் வேண்டுமென்றால் கனமாக, குறைவாக, அடிக்கடி தூக்க வேண்டும். சைக்கிள் ஓட்டப் பழகுவதுபோல: வாரத்தில் ஒரு நாள் ஆறு மணி நேரம் ஓட்டுவதைவிட, மூன்று நாள் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டினால் சீக்கிரம் கைவரும். 100 கிலோவோடு ஒரே ஒரு தடவை எழ முடிந்தவர் என்று வையுங்கள். திங்கள்கிழமை 80 கிலோவில் மூன்று ரெப் வீதம் ஐந்து செட். புதன்கிழமை 70 கிலோவில் இரண்டிரண்டாக ஆறு செட், கீழே இரண்டு விநாடி நின்று எழ வேண்டும். வெள்ளிக்கிழமை 85 முதல் 90 வரை ஏறி ஓரிரு ரெப், பிறகு 80க்கு இறங்கி மூன்று செட். எந்த செட்டிலும் 'இன்னும் ரெண்டு எடுத்திருக்கலாமே' என்ற நிலையில் பாரை ரேக்கில் (பாரைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில்) வைத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமையின் கனமான ரெப்பில் மட்டும் அந்த மிச்சம் ஒன்றாகக் குறையலாம். செட்டுக்கும் செட்டுக்கும் நடுவே மூன்று, நான்கு நிமிடம் ஓய்வு. 'சும்மா உட்கார்ந்திருக்கியே' என்று பக்கத்தில் இருப்பவர் கேட்பார், கேட்கட்டும். மூச்சு வாங்கிக்கொண்டே அடுத்த செட்டுக்குப் போனால் தோற்பது நுரையீரல்தான், காலுக்கு வேலையே இருக்காது.

ஏற்றும்போது பக்கத்துக்கு ஒன்றேகால் கிலோ பிளேட், மொத்தம் இரண்டரை கிலோ. நான்காவது வாரம் செட்டைப் பாதியாகக் குறையுங்கள். அந்த வாரம் ஜிம்முக்குப் போவதே வீண் என்று தோன்றும், ஆனால் அதற்கடுத்த வாரம் பார் லேசாக இருக்கும்.

வாரா வாரம் 'மேக்ஸ்' (ஒரே ஒரு தடவை தூக்க முடிகிற அதிகபட்ச எடை) பார்ப்பது இதன் தம்பி. விதைத்த விதை முளைத்ததா என்று தினமும் தோண்டிப் பார்க்கிற வேலை. எவ்வளவு முன்னேறியிருக்கிறோம் என்று தெரிய ஒரு எளிய கணக்கு போதும்: தூக்கிய எடையை ரெப்பால் பெருக்கி, 30ஆல் வகுத்து, வந்ததை அதே எடையோடு கூட்டுங்கள். 85 கிலோவில் மூன்று ரெப் எடுத்தால் உங்கள் மேக்ஸ் ஏறத்தாழ 93.5 கிலோ. உண்மையான சோதனையை எட்டு வாரத்துக்கு ஒருமுறை வைத்துக்கொள்ளலாம்.

பாதி குந்தி முழுக் கணக்கு எழுதுவது

பவர்லிஃப்டிங் விதிப்படி இடுப்பு மடிப்பு முழங்காலின் மேற்பகுதியைவிடக் கீழே போக வேண்டும். அதற்கு ஒரு சாண் மேலேயே நிறுத்தினால் 20, 30 கிலோ சும்மா கூடும், நோட்டில் அழகாகவும் இருக்கும். பக்கவாட்டிலிருந்து போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும். ஆழம் போகாததற்குப் பல நேரம் காரணம் தொடையே இல்லை, மடங்காத கணுக்கால். அல்லது காலில் போட்டிருக்கும் மெத்தென்ற ஓட்ட ஷூ. தலையணை மேல் நின்று மூட்டை தூக்குவதுபோல அது. குதி கடினமாகவும் சற்று உயரமாகவும் உள்ள லிஃப்டிங் ஷூ நல்லது. இல்லாவிட்டால் தட்டையான கேன்வாஸ் ஷூவே போதும்.

மூச்சும் இதில் சேர்த்தி. இறங்கும் முன் வயிறு நிறைய மூச்சை இழுத்து, யாரோ வயிற்றில் குத்த வருவதுபோல இறுக்கி, எழுந்த பிறகு விடுவது. இதைப் பழகாமல் இடுப்பில் பெல்ட் கட்டினால் பெல்ட்டுக்கு வேலையில்லை, ஏனென்றால் வயிறு அழுத்திச் சாய்வதற்குத்தான் பெல்ட். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இப்படி மூச்சை அடக்கிக் கனம் தூக்கும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ரேக்கில் சேஃப்டி பின் (எழ முடியாமல் போனால் பாரைத் தாங்கும் குறுக்குக் கம்பி) போடாமல் தனியாகத் தூக்காதீர்கள்.

பட்டினி, ஓட்டம், எடை மெஷின்

எடை ஏறக் கூடாது என்பதைச் சிலர் சாப்பிடவே கூடாது என்று எடுத்துக்கொள்கிறார்கள். எடை மாறாமல் நிற்கும் அளவுக்குச் சாப்பாடு வேண்டும், அதில் புரதம் சரியாக இருக்க வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்ற கணக்கில் 62 கிலோ உள்ளவருக்கு நாளொன்றுக்கு 100 கிராம் அளவு வரும். ஒரு முட்டையில் 6 கிராம்தான். நாலு இட்லியும் சாம்பாரும் சாப்பிட்டுவிட்டுப் புரதம் வந்துவிட்டது என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். முட்டை, மீன், கோழி, தயிர், சுண்டல், சோயா என்று சேர்த்து, அதற்கு ஈடாகச் சோற்றையும் எண்ணெயையும் கொஞ்சம் குறைத்தால் மெஷின் முள் அசையாது.

எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் தினம் பத்து கிலோமீட்டர் ஓடுபவர்களும் உண்டு. உடற்பயிற்சி ஆய்வாளர் ராபர்ட் ஹிக்ஸன் 1980இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வாரம் கனமான கால் பயிற்சியையும் கடுமையான ஓட்டம், சைக்கிளையும் சேர்த்துச் செய்தவர்களின் பலம் முதலில் ஏறி, கடைசி வாரங்களில் இறங்கத் தொடங்கியது. தினமும் நடப்பதாலோ, வாரத்தில் இரண்டு நாள் மிதமாக ஓடுவதாலோ ஒன்றும் ஆகாது. ஸ்குவாட்டுக்கு முன்னால் மட்டும் ஓடாதீர்கள்.

மெஷினைப் பார்த்துப் பதறுவது இன்னொன்று. ராத்திரி பிரியாணி சாப்பிட்டால் காலையில் ஒரு கிலோ கூடியிருக்கும், அது உப்பும் தண்ணீரும். காலைக்கடன் முடித்து, வெறும் வயிற்றில், தினமும் ஒரே நேரத்தில் பார்த்து ஏழு நாள் சராசரியை மட்டும் கணக்கில் எடுங்கள். கிரியாட்டின் (பலத்துக்காகச் சிலர் எடுக்கும் துணை உணவுப் பொடி) நாளுக்கு 3 முதல் 5 கிராம் எடுப்பவருக்கு ஒரு கிலோ அளவு ஏறலாம், அதிலும் பெரும்பகுதி தசைக்குள் தங்கும் நீர். போட்டி எடை விளிம்பில் நிற்பவர் இதை முன்கூட்டியே கணக்கிட வேண்டும், மற்றவர்கள் கண்டுகொள்ள வேண்டாம்.

இவ்வளவு சொன்ன நானே ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். நாலைந்து வருடம் ஒழுங்காகத் தூக்கி, ஆழம் சரியாக இருந்து, தூக்கமும் சாப்பாடும் சரியாக இருந்து, ஆறு மாதமாகப் பார் நகரவில்லை என்றால் நரம்பிலிருந்து பிழிய இனி அதிகம் மிச்சமில்லை. உயரமான ஆள் என்றால் அந்த எடைப் பிரிவே அவருக்குச் சின்ன சட்டை. அப்போது மாதத்துக்கு அரைக் கிலோ வீதம் ஏற்றிக்கொண்டு மேல் பிரிவுக்குப் போகலாம். நானும் இப்போது 74 கிலோ பிரிவில்தான் தூக்குகிறேன். இந்த முறை ஏறுவதற்கு ஒன்றரை வருஷம் ஆனது, புரோட்டாவுக்கு அதில் பங்கில்லை.