ஒரு கால்பந்து பேக்குக்கு இவ்வளவு காசா? கணக்குப் போடும்போது நாம் செய்யும் தவறுகள்

வடசென்னை வியாசர்பாடியைக் கால்பந்துக்காகப் பத்திரிகைக்காரர்கள் ‘குட்டி பிரேசில்’ என்று எழுத ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிறது. பெயர் நல்ல பெயர்தான். ஆனால் அதனால் ஒரு சங்கடமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை கிரவுண்டுக்கு வரும் பையன்களில் பத்தில் எட்டுப் பேர் கோல் போடும் ஃபார்வர்டாகத்தான் நிற்பேன் என்பான். “நீ பேக்ல நில்லுடா”, அதாவது பின்னால் நின்று கோலைத் தடு என்றால் முகம் வாடிவிடும். பதினெட்டு வருஷம் ஸ்டாப்பராக, நடுவில் நிற்கும் பேக்காக, நின்றவன் நான். எனக்கு அது வலிக்கும்.

போன மாதம் டீக்கடையில் ஒரு பையன் கேட்டான்: “இன்னாண்ணா, ஒரு பேக்குக்குப் போய் அறுநூறு கோடியா? அந்தக் காசுக்கு ரெண்டு ஃபார்வர்டு வாங்கிப் போட்ருக்கலாமே!” அவன் சொன்னது விர்ஜில் வான் டைக்கை. 2018 ஜனவரியில் இங்கிலாந்து கிளப் லிவர்பூல் அவரை சவுத்தாம்ப்டனிடமிருந்து 7.5 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அன்றைய மதிப்பில் 600 கோடி ரூபாயைத் தாண்டும். அதுவரை உலகத்தில் எந்த பேக்குக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை.

சில பேக்குகளுக்கு அந்தக் காசு தகும், பலருக்குத் தகாது என்றேன். யாருக்குத் தகும் என்று பார்ப்பதில்தான் நாம் தொடர்ந்து தப்பு செய்கிறோம்.

டேக்கிளை எண்ணுவது

முதல் தவறு, பெரிய தவறு இதுதான். பறந்து விழுந்து டேக்கிள் போட்டுப் பந்தைத் தட்டிவிடும் பேக்கைப் பார்த்தால் நமக்கு விசில் அடிக்கத் தோன்றுகிறது. ஆனால் பேக்கின் வேலை பெரும்பாலும் கண்ணில் படாத வேலை. சரியான இடத்தில் நின்றுவிட்டால் விழவே வேண்டியதில்லை.

2019 மார்ச் 31, லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானம். லிவர்பூல், டாட்டன்ஹாம் இரண்டும் தலா ஒரு கோல். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் டாட்டன்ஹாமுக்கு ஒரு கவுண்டர், பந்தைப் பறித்து வேகமாக ஏறும் வாய்ப்பு, கிடைக்கிறது. பந்து சிசோகோ காலில். பக்கத்தில் சன் ஹியூங்-மின் ஓடி வருகிறார். எதிரே வான் டைக் மட்டும். இரண்டு பேருக்கு ஒருவர். நம் கிரவுண்டில் என்றால் “ஏறு! ஏறு!” என்று சுற்றி நிற்கிறவர்கள் எல்லாம் கத்துவோம். வான் டைக் ஏறவில்லை. பின்னால் நகர்ந்துகொண்டே, சிசோகோவுக்கும் சன்னுக்கும் நடுவில் நின்று பாஸ் போகும் வழியை அடைத்தார். சன்னிடம் போயிருந்தால் கோல் என்று அவருக்குத் தெரியும். சிசோகோவுக்கு இடது கால் அவ்வளவு வராது என்பதும் தெரியும். கடைசி நொடி வரை காத்திருந்து, இடது காலில் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லாமல் செய்தார். சிசோகோ அடித்தார், பந்து கோல் கம்பத்துக்கு மேலே பறந்தது. பந்தை வான் டைக் தொடவே இல்லை. சில நிமிடங்களில் லிவர்பூல் 2–1 என்று ஜெயித்தது.

டேக்கிள் எண்ணுகிற கணக்கில் அந்த ஓட்டத்துக்கு மதிப்பு சைபர்.

எங்கள் கதையும் ஒன்று இருக்கிறது. சில வருஷம் முன்னால் ஏழு பேர் ஆடும் ஒரு செவன்ஸ் டோர்னமெண்டுக்கு எங்கள் டீம் பசங்க ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, வெளி ஏரியாவிலிருந்து பெயர் எடுத்த ஒரு ஸ்டாப்பரைக் கூட்டி வந்தோம். ஆளுக்கு நல்ல உடம்பு. முதல் பத்து நிமிஷத்தில் மூன்று ஸ்லைடிங், மண் பறந்தது, கூட்டம் கத்தியது. ஆனால் ஒவ்வொரு முறை அவர் முன்னால் பாய்ந்தபோதும் பின்னால் ஒரு வீட்டு மனை அளவுக்கு இடம் காலியானது. எதிர் டீம் ஃபார்வர்ட் அதைக் கவனித்துவிட்டான். பாதி நேரத்துக்குள் இரண்டு கோல் வாங்கினோம். அவருக்காக நாங்கள் உட்கார வைத்தது தண்ணி கேன் போடும் எங்கள் அண்ணன் ஒருவரை. சட்டையில் மண் படாமல் ஆடி முடிப்பார். அதனாலேயே அவருக்கு யாரும் கை தட்டியதில்லை. அடுத்த ஆட்டத்தில் அவரை இறக்கினோம், கோல் வாங்கவில்லை. அன்றைக்குப் புரிந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

ஒரு பேக்குக்கு எவ்வளவு காசு தகும் என்று தெரிய வேண்டுமானால், ஒரு முழு ஆட்டத்தில் பத்து நிமிஷம் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள். எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறார், பக்கத்து பேக்கை எங்கே இழுத்து நிறுத்துகிறார், பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். இரண்டு நிமிஷ யூடியூப் வீடியோவில் இது எதுவும் வராது.

எல்லாப் புகழும் ஒருத்தருக்கே, எல்லாப் பழியும் ஒருத்தருக்கே

வான் டைக் பாதியில் வந்த 2017–18 சீசனில் லிவர்பூல் லீக்கில் வாங்கிய கோல் 38. அடுத்த சீசனில் 22. உடனே “பார்த்தியா, ஒரே ஆளு பதினாறு கோலைக் குறைச்சிட்டாரு” என்பார்கள். நானே அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். ஆனால் அந்த இரண்டு சீசனுக்கும் நடுவில், 2018 ஜூலையில், அலிசன் பெக்கர் என்ற கோல்கீப்பரும் பெரிய தொகைக்கு வந்தார். 22 என்ற கணக்கில் அவருக்கும் பங்கு உண்டு.

அதேபோல 2020 அக்டோபரில் எவர்ட்டன் ஆட்டத்தில் வான் டைக்குக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்த சீசனில் லிவர்பூல் 42 கோல் வாங்கி மூன்றாம் இடத்தில் முடித்தது. இதையும் முழுக்க அவர் இல்லாததன் விலை என்று எழுதிவிட முடியாது. மற்ற ஸ்டாப்பர்கள் ஜோ கோமஸும் மாத்திப்பும்கூட அடுத்தடுத்துக் காயப்பட்டு வெளியே போன சீசன் அது.

ஹாரி மகுவாயர் கதை இதற்கு மறுபக்கம். 2019இல் மான்செஸ்டர் யுனைடெட் அவரை லெஸ்டரிடமிருந்து 8 கோடி பவுண்டுக்கு வாங்கியது. வான் டைக்கின் சாதனை உடைந்தது. இன்றைக்கு அவர் பெயரைச் சொன்னாலே நம்ம பசங்க சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிப்பதில்லை. அவர் வருவதற்கு முந்தைய சீசனில் யுனைடெட் 54 கோல் வாங்கியிருந்தது, வந்த முதல் சீசனில் 36. அப்போது யாரும் சிரிக்கவில்லை. அதே கோடையில் வலது பக்கத்துக்கு வான்-பிஸ்ஸாக்காவும் வந்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். 2021–22இல் டீமே குலைந்து 57 கோல் வாங்கியது. முன்னால் மிட்ஃபீல்டில் தடுக்க ஆளில்லாமல் ஒரு பேக்கை நடு ரோட்டில் நிறுத்தினால் யாராக இருந்தாலும் அடிபடுவார்.

ஆனால் அவரை விற்ற லெஸ்டர் என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். புதிதாகப் பெரிய ஸ்டாப்பர் யாரையும் வாங்கவில்லை. ஏற்கெனவே கையில் இருந்த சோயுன்சுவை இறக்கினார்கள். முந்தைய சீசனில் 48 கோல் வாங்கிய டீம் 41தான் வாங்கியது. ஒன்பதாம் இடத்திலிருந்து ஐந்தாம் இடத்துக்கு வந்தது. அவர் பெயருக்கு அவ்வளவு தொகை கொடுத்தது யுனைடெட்டின் தவறு என்று சொல்லத் தோன்றினால், என் ஆதாரம் இதுதான். மகுவாயர் மோசமான பேக் என்பதற்கு இது ஆதாரமே இல்லை.

நேற்று ஆடியதற்கு நாளைக்குக் காசு கொடுப்பது

ஒப்பந்தம் என்பது வரப்போகிற வருஷங்களுக்கானது. நாமோ அவர் ஆடி முடித்த வருஷங்களை நினைத்து “கொடுக்கலாம்ப்பா, தகும்ப்பா” என்கிறோம். கிளப்புகளும் இதே தவறைச் செய்கின்றன.

இங்கிலாந்தின் செல்சி கிளப்பில் நடந்த இரண்டு விஷயங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2020இல் பிரேசில் ஸ்டாப்பர் தியாகோ சில்வா 35 வயதில் வந்தார். பழைய கிளப்புக்குக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் தொகை இல்லை, முதலில் ஒரு வருஷ ஒப்பந்தம்தான். நன்றாக ஆட ஆட நீட்டிக்கொண்டே போனார்கள். 2021இல் சாம்பியன்ஸ் லீக் கோப்பை வந்தது. 2024 வரை நான்கு சீசன் ஆடினார். 2022இல் கூலிபாலி 31 வயதில் நாப்போலியிலிருந்து வந்தார். இத்தாலியின் சிறந்த பேக்குகளில் ஒருவர். காசும் கொடுத்து, நான்கு வருஷ ஒப்பந்தமும் கொடுத்தார்கள். ஒரே சீசன். செல்சி பன்னிரண்டாம் இடத்தில் முடித்தது, அவர் சவூதி கிளப்புக்குப் போய்விட்டார்.

நாப்போலி? கூலிபாலி இடத்தில் துருக்கியில் ஆடிக்கொண்டிருந்த கொரிய வீரர் கிம் மின்-ஜேவை வாங்கியது. முந்தைய சீசனில் 31 கோல் வாங்கிய டீம் இந்த முறை 28. அதோடு 33 வருஷம் கழித்து இத்தாலிய லீக்கை ஜெயித்தது. இந்தக் கதையை நான் எவ்வளவு முறை சொன்னாலும் அலுக்காது.

முப்பது வயதைத் தாண்டிய பேக்குக்குப் பெரிய ஒப்பந்தமே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. 2025 ஏப்ரலில் லிவர்பூல் வான் டைக்குக்குப் புது ஒப்பந்தம் போட்டது. வயது 33. அந்த சீசனில் லீக்கையும் ஜெயித்தார்கள். ஆனால் கொடுத்தது 2027 வரை, இரண்டு வருஷம்தான். நான்கோ ஐந்தோ கிடையாது.

‘ஃப்ரீயா வந்துட்டாரு’

டிரான்ஸ்ஃபர் தொகையை மட்டும் பார்த்துப் பேசுவது இன்னொரு தவறு. 7.5 கோடி பவுண்டை ஐந்தரை வருஷ ஒப்பந்தத்துக்குப் பிரித்தால் வருஷத்துக்கு ஒரு கோடியே நாற்பது லட்சம் பவுண்டுக்குள் அடங்கிவிடும். கிளப்பின் கணக்குப் புத்தகத்திலும் அப்படித்தான் பிரித்து எழுதுவார்கள். அதோடு சம்பளத்தையும், கையெழுத்துப் பணத்தையும், ஏஜென்ட் காசையும் சேர்த்தால்தான் உண்மையான விலை. அப்புறம் அதை அவர் ஆடிய ஆட்டங்களால் வகுக்க வேண்டும். வான் டைக் 2018–19, 2019–20 இரண்டு சீசனிலும் லீக்கில் 38க்கு 38 ஆடினார். விலை தானாகக் குறைந்துவிட்டது.

ஸ்பெயின் ஸ்டாப்பர் செர்ஜியோ ராமோஸ் 2021இல் பாரிஸ் கிளப்புக்குத் தொகை எதுவும் இல்லாமல் போனார், இரண்டு வருஷ ஒப்பந்தம். காயத்தால் நவம்பர் கடைசியில்தான் முதல் ஆட்டம். அந்த சீசனில் பெரும்பாலான ஆட்டங்களில் அவர் இறங்கவே இல்லை. ஃப்ரீயாக வந்தவர் ஆட்டக் கணக்கில் விலை ஏறிப்போனார்.

அதற்காகக் காயம்பட்டவரை வாங்கவே கூடாது என்றும் சொல்ல மாட்டேன். நம்ம இந்திய ஸ்டாப்பர் சந்தேஷ் ஜிங்கன் 2019–20 சீசன் முழுக்க முழங்கால் காயத்தால் ஆடவில்லை. அடுத்த சீசன் ஏடிகே மோகன் பகானுக்கு ஆடி, அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் சிறந்த வீரர் விருதை வாங்கினார்.

ஐரோப்பாக் கணக்கை இங்கே போடுவது

ஐஎஸ்எல் என்கிற இந்தியன் சூப்பர் லீக்கில் டீமுக்கு மொத்தச் சம்பள உச்சவரம்பு உண்டு. சில வருஷம் முன்பு அது 16.5 கோடி ரூபாயாக இருந்தது. அதில் ஒரு பேக்குக்கு 3 கோடி கொடுத்தால் ஐந்தில் ஒரு பங்குக்குப் பக்கம் போய்விடும். மிச்சத்தில் இருபது பேருக்கு மேல் சமாளிக்க வேண்டும். அப்படிக் கொடுக்கிற பேக் கோல் விடாமல் பார்த்துக்கொள்வதோடு நிற்கக் கூடாது. கார்னருக்கு மேலே ஏறி வரவேண்டும். 2018 மார்ச் 17 பெங்களூருவில் நடந்த ஐஎஸ்எல் ஃபைனல் நம்ம ஊர்க்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒன்பதாவது நிமிஷத்தில் பெங்களூருவின் சேத்ரி கோல் போட்டு, நம்ம டீம் சென்னையின் எஃப்சி பின்தங்கியது. அப்புறம் பிரேசில் ஸ்டாப்பர் மைல்சன் ஆல்வஸ் இரண்டு கார்னருக்கு ஏறி, இரண்டையும் தலையால் முட்டிப் போட்டார். 3–2 என்று கோப்பை சென்னைக்கு வந்தது. அன்றைக்கு ராத்திரி எங்கள் தெருவில் பேக்காக நிற்க மாட்டேன் என்று ஒருத்தனும் சொல்லவில்லை.

கடைசியாக, நம்ம வீட்டுப் பையன்களுக்கு ஒப்பந்தம் வரும்போது நடப்பது. தொகையை மட்டும் படிக்கிறோம். 2025 ஆகஸ்டில் லீக் நடக்குமா நடக்காதா என்ற குழப்பத்தில், பெங்களூரு எஃப்சி முதல் அணிச் சம்பளத்தையே நிறுத்திவைத்தது. சென்னையின் எஃப்சியும் வேலைகளை நிறுத்தியது. பெரிய கிளப்புகளுக்கே அந்த நிலைமை என்றால் சின்ன கிளப்பில் என்னவெல்லாம் நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனை மாதச் சம்பளம், லீக் நின்றால் என்ன, ஆபரேஷன் செலவு யாருடையது, ஆட முடியாத மாதங்களுக்குச் சம்பளம் உண்டா, பையன் வேறு டீமுக்குப் போக வேண்டுமானால் எவ்வளவு கட்ட வேண்டும். இந்த ஐந்தும் காகிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

போன வாரம் எங்கள் கிரவுண்டு பையன் ஒருவனின் அப்பா, வெளியூர் கிளப் ஒன்று அனுப்பிய ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தார். பையன் இடது பேக். மாதச் சம்பளம் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் இருந்தது. ஆறு பக்கமும் இரண்டு முறை படித்தேன், காயம் என்ற பேச்சே எங்கேயும் இல்லை. எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீங்கண்ணா என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். கிளப்பிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.