டிக்கிக்கு ஒரு கழற்றும் பெட்டி: இராமநாதபுரம் கரைக்குப் புதிதாக வந்திருக்கும் வெளிநாட்டுத் தமிழர்களுக்கு

மலேசியாவோ, வளைகுடாவோ, ஆஸ்திரேலியாவோ, எங்கிருந்து வந்து தொண்டிக்கும் மூக்கையூருக்கும் நடுவில் வீடு எடுத்திருந்தாலும் சரி, ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கிய கையோடு உங்கள் டிக்கி நிறைந்துவிடும். தண்ணீர்க் கேன், மாற்றுத்துணி, மண்வெட்டி, இழுவைக் கயிறு, காற்றடிக்கும் பம்பு, மீனுக்கு ஐஸ் பெட்டி. தேவைப்படுவது எப்போதும் அடியில்தான் கிடக்கும். ஆஸ்திரேலியாவில் இருந்தவர்களுக்கு டிக்கியில் பொருத்தும் இரட்டை இழுப்பறை பழக்கமான சாமான். அங்கே கடையில் வாங்கினால் ஆயிரம் டாலரைத் தாண்டும், நம் பணத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல். அதைக் கப்பலில் வரவழைக்க வேண்டாம், தூக்கி இறக்கும் பெட்டியாக இங்கேயே மலிவாகச் செய்துகொள்ளலாம். விலை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அவற்றில் பலவும் வண்டியின் தரையோடு போல்ட் போட்டு இறுக்குகிற கனமான சாமான்கள். இந்தக் கரைக்கு அது ஒத்துவராது.

பாம்பனைத் தாண்டிவிட்டால் வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் நாம். ஆடிக் காற்றில் மணல் சாலைக்கே வந்து கிடக்கும். தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை தார்ச்சாலைதான் என்றாலும், திரும்பி வரும்போது வண்டிக்குள் உப்பு மணல் இருக்கும். அந்த மணல் பெட்டிக்கு அடியில் போய் உட்கார்ந்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தரைத் தகட்டை அரிக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பெட்டியைத் தூக்கி இறக்கி, தரை விரிப்பை உதறி, ஈரத்துணியால் துடைத்துக் காயவிட முடிந்தால் மட்டுமே வண்டி தப்பிக்கும். தரையில் துளை போடவே போடாதீர்கள். துளையிட்ட இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். தரைக்குக் கீழே டீசல் டேங்கும் பிரேக் குழாயும் எங்கே போகின்றன என்று உள்ளேயிருந்து தெரியவும் தெரியாது.

இன்னொன்று, இங்கே வண்டி உங்களுக்கு மட்டுமானது இல்லை. காதுகுத்து, கல்யாணம், துக்கம், மதுரை ஆஸ்பத்திரி என்று சொந்தக்காரர்கள் ஏறுவார்கள், ஏற வேண்டும். அப்போது கடைசி வரிசை சீட் தேவைப்படும். அந்த சீட்டை ஒரேயடியாகக் கழற்றிப் போட்டுவிட்டு இழுப்பறை வைப்பவர்கள் உண்டு, செய்யாதீர்கள். ஆர்.சி.யில் எத்தனை சீட் என்று எழுதியிருக்கிறது. அதில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. சீட்டை மடக்கி, அதற்கு முன்னும் பின்னும் உள்ள இடத்தில் பெட்டியை வைத்து, வாரால் கட்டினால் அது வெறும் சாமான்தான்.

சரி, மலிவாக எப்படிச் செய்வது? என் பதில், மீன் கிரேட். படகுத்துறைகளிலும் மீன் ஏலக் கூடங்களிலும் பார்க்கிறோமே, அந்த பிளாஸ்டிக் பெட்டிகள்தான் இழுப்பறை. அவை உள்ளே போய் வரும் கூடு மட்டும் ப்ளைவுட். தனியாக மரத்தில் இழுப்பறை செய்தால் கூலி ஏறும், கனம் ஏறும், மீன் தண்ணீர் சிந்தினால் நாற்றம் போகாது. கிரேட்டைக் குழாயடியில் கழுவிக் கவிழ்த்தால் முடிந்தது. வீட்டுவாசலில் வண்டி நின்றதும் இழுப்பறையை அப்படியே உருவி உள்ளே கொண்டுபோகவும் முடியும். கடையில் வாங்கும் இழுப்பறையில் பெரும்பாலும் இந்த வசதி கிடையாது. ஐஸும் மீனும் வைக்க ஓட்டை இல்லாத ரகம், கயிறு, துணி, கருவிகளுக்கு ஓட்டை உள்ள ரகம். புதிதாகவே வாங்குங்கள், பழசில் வாடை போகவே போகாது.

முதலில் கிரேட், பிறகுதான் ஆசாரி. 60க்கு 40 சென்டிமீட்டர் என்று ஒரே அளவு சொல்லி விற்றாலும் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், சாமான் நிறைந்ததும் பக்கவாட்டில் புடைக்கும். கையில் கிரேட்டைக் கொடுத்து, “அண்ணே, இது உள்ளே போய் வரணும், ரெண்டு பக்கமும் அரை சென்டிமீட்டர் விடுங்க” என்று சொன்னால் போதும். பெட்டியை ஒன்றாகச் செய்யாமல் இரண்டு பாதியாகச் செய்யச் சொல்லுங்கள். ஒரு கிரேட் போகும் பாதி ஏறத்தாழ 44 சென்டிமீட்டர் அகலம், இரண்டும் சேர்ந்து 88. டயர் வளைவுகளுக்கு இடையே இந்த அகலம் இருக்கிறதா என்பதை முன்கூட்டியே டேப்பால் அளந்துவிடுங்கள். சின்ன டிக்கி உள்ள தார், ஜிம்னி வண்டிகளில் பின் சீட்டை மடக்காமல் இது வேலைக்கு ஆகாது. உயரம் கிரேட்டைவிட 4 சென்டிமீட்டர் கூட.

12 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் 8க்கு 4 அடி ஷீட் ஒன்றே இரண்டு பாதிக்கும் போதும். முழு ஷீட் 25 கிலோ அளவுக்குத்தான் இருக்கும் என்பதால், ஒவ்வொரு பாதியும் 10 கிலோ பக்கம் வரும், ஒருவரே தூக்கலாம். 18 மில்லிமீட்டர் போடச் சொல்லி ஆசாரி வற்புறுத்தலாம். அலமாரிக்கு அது சரி, தூக்கி இறக்கும் பெட்டிக்கு வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு 710 என்ற எண் இருக்கிறதா பாருங்கள், அதுதான் மரைன் ப்ளைவுட். நல்ல ஷீட்டும் வெட்டிய விளிம்பில்தான் தண்ணீர் குடிக்கும். பைபர் படகு பழுது பார்ப்பவர்களிடம் கொடுத்து விளிம்புகளுக்கு மட்டும் ரெசின் தடவி வாங்கினால் பல வருடம் தாங்கும்.

டெலஸ்கோபிக் சேனல், அதாவது இழுப்பறை ஓட இரண்டு பக்கமும் மாட்டும் இரும்புத் தடம், வேண்டாம். உள்ளே இருக்கும் குண்டுகளில் மணல் புகுந்தால் இறுகிவிடும், அப்புறம் துரு. பெட்டியின் உள்தரையில் மைக்கா ஒட்டி, மெழுகுவர்த்தியால் தேய்த்தால் கிரேட் வழுக்கிக்கொண்டு வரும். பாதி இழுக்கும்போது முன்பக்கம் சாயாமல் இருக்க, கிரேட்டின் விளிம்புக்குச் சற்று மேலே இரண்டு பக்கமும் ஒரு ரீப்பர் (மெல்லிய மரப்பட்டை) அடிக்கச் சொல்லுங்கள். முன்வாயில் ஒரு தாழ்ப்பாள். திருகு, கொக்கி எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 316 ரகம் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் 304. கடைக்காரர் காந்தம் வைத்து ஒட்டவில்லை பாருங்கள் என்பார். மலிவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, ஆனால் உப்புக்காற்றில் சீக்கிரம் கறை பிடிக்கும். ரகத்தை பில்லில் எழுதி வாங்குங்கள்.

கட்டுவதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. நிறைந்த இரண்டு கிரேட் அவசர பிரேக்கில் முன்சீட்டு ஆட்கள்மேல் வந்து விழும் பாரம். வண்டியோடு வந்த கொக்கிகளில் ராட்செட் வார் (பிடியை ஆட்டி இறுக்கும் பட்டை) போட்டு நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டுங்கள். கொக்கி இல்லாவிட்டால், ஏற்கெனவே உள்ள சீட் போல்ட்டில் வளையம் மாட்டித் தர மெக்கானிக்கால் முடியும். பெட்டிக்கு அடியில் ஒரு ரப்பர் விரிப்பு. பெட்ரோல் கேனையும் கேஸ் சிலிண்டரையும் இதற்குள் வைக்கவே கூடாது.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம். கடல் அட்டைக் கடத்தல் நடக்கும் கரை இது, அதனால் இரவில் வண்டிகளை நிறுத்திச் சோதிப்பார்கள். டிக்கியில் மூடிய பெட்டி இருந்தால் கட்டாயம் திறக்கச் சொல்வார்கள். கிரேட்டை இழுத்துக் காட்டினால் உள்ளே இருப்பது உடனே தெரியும், அந்த வகையிலும் இது நல்லது. கடல் அட்டை 2001 முதல் வனவுயிர்ச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிரினம், பவளமும் அப்படித்தான். கரையில் செத்து ஒதுங்கிய பவளத் துண்டு என்று பிள்ளைகள் பொறுக்கி கிரேட்டுக்குள் போட்டுவிடும், கிளம்பும் முன் பார்த்து எடுத்துப் போட்டுவிடுங்கள். இழுப்பறைக்குப் பூட்டு போடுவதாக இருந்தால் சாவி வண்டிச் சாவியோடு இருக்கட்டும்.