இறுகிப்போன எஞ்சினை மீட்ட அனுபவம்

மணவாளக்குறிச்சியின் கடலோரத் தென்னந்தோப்பில், என் மைத்துனர் வளைகுடாவுக்குச் சென்றபின் யாரும் இயக்காமல் கிடந்த ஒற்றை சிலிண்டர் டீசல் பம்ப்செட், கைப்பிடியைப் போட்டுச் சுழற்றியபோது அசையவே இல்லை. முரட்டுத்தனமாகத் திருப்பினால் பிஸ்டன் வளையங்கள் உடையக்கூடும் என்பதால், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கழற்றி, டீசலும் எண்ணெயும் கலந்து உள்ளே ஊற்றி, இரவு முழுவதும் ஊறவிட்டேன். மறுநாள் ஃப்ளைவீலை முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைக்க, இளகிக் கொடுத்தது.

சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. பிஸ்டன் நின்றிருந்த இடத்துக்குச் சற்று மேலே லைனர் (சிலிண்டரின் உட்குழாய்) சுவரைச் சுற்றிச் செந்நிறத் துரு படிந்திருந்தது. நகத்தை ஓட்டினால் குழிகள் தட்டுப்பட்டன. எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் சம்பிலிருந்து வடித்த எண்ணெயோ ஈரம் கலந்து பால் காப்பி நிறத்தில் இருந்தது. அத்தனை ஆழமான குழிகள் தேய்த்தால் போகாது. எனவே லைனர், வளையங்கள், எண்ணெய் மூன்றையும் மாற்றினேன்.

விமானங்களின் பிஸ்டன் எஞ்சின்களுக்கும் இதே துருதான் பகை. லைகமிங் என்ற நிறுவனத்தின் விமான எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில், வால்வுகளை இயக்கும் கேம் தண்டு, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டுக்கு மேலே அமைந்திருப்பதால், பறக்காமல் நிற்கும்போது எண்ணெய்ப் படலம் வடிந்து அது எளிதில் துருப்பிடிக்கிறது. தரையில் சில நிமிடங்கள் மட்டும் ஓட்டுவது, எரிதலில் உண்டாகும் நீராவியை உள்ளேயே தங்கவிடும் என்பதால், நன்மையைவிடத் தீமையே அதிகம். பறந்த மணிக்கணக்கு நிறையாவிட்டாலும் 12 ஆண்டுகளில் ஓவர்ஹால் (முழுவதும் பிரித்துப் புதுப்பித்தல்) செய்யுமாறு அந்நிறுவனம் பரிந்துரைப்பது இதனால்தான்.

இப்போது பக்கத்துத் தோப்பு அண்ணாச்சி, வாரந்தோறும் தண்ணீர் இறைக்கும் சுமையோடு, எண்ணெய் நன்றாகச் சூடேறும்வரை பம்ப்செட்டை ஓட்டிவிடுகிறார்.