தேரோட்டத்துக்குத் திருநெல்வேலி டவுனுக்கு வருகிறவர்களுக்கு

ஆனி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் போன் அடிக்கத் தொடங்கிவிடும். முதல் ஆள் சென்னையில் இருக்கிற என் சின்ன நாத்தனார். "மயினி, தேர் என்னைக்கு?" என்பாள். நானும் வருஷா வருஷம் அதே பதிலைத்தான் சொல்கிறேன்: நெல்லையப்பர் கோயிலில் கொடி ஏறுகிற நாளை ஒன்று என்று எண்ணு, ஒன்பதாம் நாள் தேர். எட்டாம் நாள் காலையில் வந்து இறங்கு. திரும்புகிற டிக்கெட்டைப் பத்தாம் நாள் ராத்திரிக்குப் போடு.

ஒன்பதாம் நாள் ராத்திரிக்கே ரயில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். அவர்கள் தேரைப் பார்ப்பதைவிடக் கைக்கடிகாரத்தைப் பார்த்ததுதான் மிச்சமாக இருக்கும். சுவாமி தேரை எந்த எஞ்சினும் இழுப்பதில்லை, நூற்றுக்கணக்கான கைகள்தான் இழுக்கின்றன. எடை 450 டன் என்று பேப்பரில் போடுவார்கள். எந்த முக்கில் அரை மணி நிற்கும், எந்த வீதியில் விறுவிறுவென்று போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சில வருஷம் அன்றைக்கே கிளம்பின இடமான நிலைக்கு வந்துவிடும், சில வருஷம் மறுநாளும் இழுப்பு உண்டு. அதற்கு இடம் விட்டு வாருங்கள்.

வருகிற வழி. தென்காசி, செங்கோட்டைப் பக்கமிருந்து வருகிறவர்கள் ஜங்ஷன் வரை போய்த் திரும்ப வேண்டாம், பாசஞ்சர் ரயில் டவுன் ஸ்டேஷனில் நிற்கும். மற்றவர்கள் ஜங்ஷனில் இறங்கி, ஈரடுக்குப் பாலம் ஏறி, எஸ்.என். ஹைரோடு வழியாக வர வேண்டும். காரை ஜங்ஷன் பக்கமே விட்டுவிடுங்கள். தேர் அன்றைக்கு ரத வீதிகளுக்குள் வண்டி நுழைய முடியாது. டவுனுக்குள் நுழைகிற இடத்து ஆர்ச் வரைக்கும் ஏதாவது கிடைத்தால் ஏறிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் நடைதான். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை என்பதால் காலை ஏற ஏறக் கூட்டம் நெருக்கும்.

மொத்தம் ஐந்து தேர்: பிள்ளையார், முருகன், சுவாமி, காந்திமதி அம்பாள், சண்டிகேசுவரர். கீழ ரத வீதியில் கிளம்பித் தெற்கு, மேற்கு, வடக்கு என்று சுற்றிவரும். சின்னத் தேர்களைக் குழந்தைகளுக்குக் காட்ட வேண்டுமானால் விடியும்போதே வந்துவிட வேண்டும். சுவாமி தேரைப் பார்க்க முக்கில்தான் நிற்கவேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. நான் சொல்வது, முக்குக்கு முப்பது அடி முன்னாலேயே ஒரு கடைப்படியில் ஏறி நின்றுகொள்ளுங்கள். திருப்பத்தில் சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்துத்தான் தேரைத் திருப்புவார்கள். அந்த ஆட்கள் சத்தம் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் ஓடுவார்கள். நாம் அவர்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. சக்கரத்தின் பக்கத்தில் போட்டோ எடுக்கப் போகவே போகாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். பிள்ளைகளைத் தெரிந்த வீட்டு மாடியிலோ திண்ணையிலோ ஒரு பெரியவரோடு உட்கார்த்தி வையுங்கள்.

இனி வடம் பிடிப்பது. பெண்களும் பிடிக்கலாம், தயங்க வேண்டாம். நான் அம்பாசமுத்திரத்துப் பெண். கல்யாணமாகி வந்த முதல் ஆனியில் என் மாமியார்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். வீட்டை விட்டு இறங்கும் முன்னே, "கண்ணாடி வளையலையும் மோதிரத்தையும் கழத்தி வச்சிட்டு வா தாயி" என்றார்கள். ஏன் என்று வடத்தைத் தொட்டதும் தெரிந்தது. இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தாலும் விரல் ஒன்றையொன்று தொடாத அளவுக்குக் கனம். நார் சிலிர்த்துக்கொண்டு நிற்கும், மோதிரத்தில் மாட்டினால் விரலை அறுத்துவிடும். செருப்பையும் வீட்டிலேயே விட்டுவிட வேண்டும்.

சத்தம் கிளம்பியதும் நான் முழுப் பலத்தையும் கையில் வைத்து இழுத்தேன். வடம் அசையவே இல்லை. "கையால இழுக்காத, உடம்பைச் சாய்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. சாய்ந்தேன். முன்னால் இருந்தவர்களும் சாய்ந்தார்கள். தொளதொளவென்று கிடந்த வடம் மெல்ல இறுகி, இடுப்பு உயரத்துக்கு எழும்பி, மரக்கட்டை மாதிரி விறைத்து நின்றது. உள்ளே ஏதோ ஓடுகிற மாதிரி உள்ளங்கையில் ஓர் அதிர்வு. அதற்குப் பிறகுதான் பின்னால் எங்கேயோ அச்சு முனகுகிற சத்தம் கேட்டது. தேர் நகர்கிறது என்பது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னே கைக்குத் தெரிந்துவிடும்.

அதனால்தான் இன்னொன்றும் சொல்கிறேன். தேர் நிற்கும்போது வடம் தரையில் கிடக்கும். அதன் மேல் உட்காராதீர்கள், தாண்டாதீர்கள். மரியாதை ஒரு காரணம். சட்டென்று இறுகினால் ஆளையே தூக்கிப் போட்டுவிடும் என்பது இன்னொரு காரணம். முடியவில்லை என்றால் பக்கவாட்டில் ஒதுங்கி வெளியே வந்துவிடுங்கள், பின்பக்கமாக நடக்கக் கூடாது. வழியெங்கும் நீர்மோரும் பானகமும் தருவார்கள், கூச்சப்படாமல் வாங்கிக் குடியுங்கள். மேற்கே சாரல் விழுவதால் ஆனிக் காற்று இங்கே குளுகுளுவென்றுதான் வீசும். காற்று குளிர்ந்திருக்கிறதே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு மத்தியானம் தலை சுற்றி உட்காருகிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஓட்டலை நம்ப வேண்டாம். யார் வீட்டில் தங்கினாலும் அங்கேயே சாப்பிடுகிற மாதிரி வையுங்கள். எங்கள் வீட்டில் அன்றைக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்கிற சொதிக் குழம்பு. கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுக்குச் செய்கிற சாப்பாடுதான், ஆனால் தேர் பார்க்க வருகிறவர்களுக்கும் அதைத்தான் போடுவேன். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்குப் பொரியலும்.

சமைத்துவிட்டுத் தேருக்குப் போகிறவர்கள் இப்படிச் செய்யுங்கள். இஞ்சிப் பச்சடியை முந்தின ராத்திரியே செய்துவிடலாம். புளியும் வெல்லமும் ஊறி மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். காலையில் தேங்காயைத் திருகி மூன்று பால் எடுங்கள். பாசிப்பருப்பை லேசாக வறுத்து வேக வைத்து, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணியை மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் வேக விட்டு, அரைத்த இஞ்சி பச்சைமிளகாயைச் சேர்த்து, அப்படியே இறக்கி மூடி வைத்துவிட்டுப் போங்கள். முதல் பால் ஃபிரிட்ஜில் இருக்கட்டும். எல்லாரும் வந்து கால் கழுவி உட்கார்ந்த பிறகு அடுப்பை ஏற்றி, முதல் பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கூடும்போதே இறக்குங்கள். எலுமிச்சைச் சாறு அதற்கப்புறம்தான். ஒரு வருஷம் "தேர் இந்தா வந்துட்டு" என்று யாரோ சொன்னதை நம்பி முதல் பாலை ஊற்றிவிட்டேன். சாப்பிட ஆள் வரும்போது மணி மூன்று. மறுபடி சூடு பண்ணியதில் பால் திரிந்து, சொதி திப்பிதிப்பியாகப் போய்விட்டது. பன்னிரண்டு பேருக்கு ஆக்கியது. இப்போது தேர் எந்த முக்கில் நிற்கிறது என்று விசாரித்த பிறகுதான் அடுப்பைப் பற்ற வைக்கிறேன்.

சாயங்காலம் அல்வா. கோயிலுக்கு எதிரே கீழ ரத வீதியில் இருக்கிற இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும். தேர் அன்றைக்கு வரிசையில் நிற்க நேரம் வேண்டும். ஊருக்குக் கொண்டுபோக வேண்டியதை எட்டாம் நாளே வாங்கிவிடுங்கள், ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், நெய் உறைந்து கட்டியாகிவிடும். தேர் அன்றைக்கு நூறு கிராம் போதும், வாங்கி அங்கேயே நின்று சூடாகச் சாப்பிட்டு, மேலே கொஞ்சம் மிக்சரை வாயில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு வீதிக் கடைகளைச் சுற்றுங்கள். பிள்ளைகளுக்கு ஏணி மிட்டாயும் ஒரு சின்ன ஓலைக் கொட்டானும் வாங்கிக் கொடுங்கள், பிளாஸ்டிக் பொம்மை எல்லா ஊரிலும் கிடைக்கும்.

அன்றைக்குத் தேர் நிலைக்கு வந்துவிட்டால் பத்தாம் நாளைக் கோயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுவாமி கோயிலையும் அம்மன் கோயிலையும் சேர்க்கிற சங்கிலி மண்டபம் 1647-இல் வடமலையப்ப பிள்ளை கட்டியது, அதில் அவசரமில்லாமல் நடந்து பாருங்கள். நடராஜரின் தாமிர சபையை விட்டுவிடாதீர்கள். மணி மண்டபத்து இசைத் தூண்களைக் கண்ணால் மட்டும் பாருங்கள், தட்டித் தட்டித் தேய்ந்தது போதும்.

தேர் நிலைக்கு வராமல் வீதியிலேயே நின்றுவிட்டால், அதுவும் நல்லதற்குத்தான். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நடை போய்ப் பாருங்கள். பகலெல்லாம் அவ்வளவு சத்தத்துக்கு நடுவே பார்த்த தேர், மூடிய கடைகளுக்கு முன்னால் விளக்கோடு தனியாக நிற்கும். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருப்பார்கள். பக்கத்துத் திண்ணையில் நாலு பேர் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். வடம் வீதி நெடுகக் கிடக்கும். மறுநாள் இழுப்புக்குக் கூட்டம் பாதிகூட இருக்காது, பிடிக்க இடம் கிடைக்கும். சின்ன நாத்தனாரின் மகள் முதல் தடவை வடத்தைத் தொட்டது அப்படி ஒரு பத்தாம் நாளில்தான். வளையலை நான்தான் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டேன்.