சீனப் புத்தாண்டுக்கு முன்பே சரக்கைக் கப்பலேற்ற: முதன்முறை ஆர்டர் கொடுப்போருக்கான செய்முறை விளக்கம்

சீன ஆலை ஒன்றிடம் தம் பொருளைச் செய்யக் கொடுக்கும் புதியவர், நாட்காட்டியில் புத்தாண்டு விடுமுறை எட்டு நாள் என்று பார்த்துவிட்டு, தம் திட்டத்திலும் அந்த எட்டு நாளை மட்டுமே கழித்துக்கொள்கிறார். அரசு விடுமுறை 2025இல் எட்டு நாள், 2026இல் ஒன்பது நாள் என்பது உண்மைதான். ஆனால் சிறிய ஆர்டர் கொடுப்பவருக்கு முழு வேகத்தில் வேலை நடக்காத காலம் பெரும்பாலும் ஆறு வாரத்துக்குக் குறையாது. டொங்குவான், ஷென்சென் ஆலைகளின் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் ஹுனான், சிச்சுவான், குய்சோ போன்ற தொலைதூர மாகாணங்களிலிருந்து வந்தவர்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போகிறவர்கள், ரயில் நெரிசலுக்கு அஞ்சி முன்கூட்டியே கிளம்பிவிடுகிறார்கள். ‘சுன்யுன்’ எனப்படும் இந்தப் பயணக் காலம், புத்தாண்டுக்கு 15 நாள் முன்பு தொடங்கி மொத்தம் 40 நாள் நீள்கிறது.

முதற்படி, நாளைக் குறித்துக்கொள்வது. இது சந்திர நாட்காட்டிப்படி அமாவாசையை ஒட்டி வரும் பண்டிகை என்பதால், ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் ஆண்டுதோறும் இடம் மாறும். பெரும்பாலும் நம் தை அமாவாசையை ஒட்டியே வரும். 2026இல் போல மாசி அமாவாசைக்குத் தள்ளிப்போகும் ஆண்டுகளும் உண்டு. 2027இல் பிப்ரவரி 6, 2028இல் ஜனவரி 26. சென்ற ஆண்டின் அட்டவணையை அப்படியே நகலெடுத்துப் பயன்படுத்தினால் பத்து நாள் முதல் மூன்று வாரம் வரை பிசகிவிடும்.

இரண்டாம் படி, ஆலையிடம் சரியான கேள்விகளைக் கேட்பது. “உங்களுக்கு எப்போது விடுமுறை?” என்று கேட்டால் அலுவலகம் மூடும் நாளைத்தான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, உதிரிபாகங்களுக்குக் கடைசியாக எந்த நாளில் ஆர்டர் போடுவீர்கள், அசெம்ப்ளி லைன் எந்த நாளில் நிற்கும், கன்டெய்னரில் கடைசியாக ஏற்றும் நாள் எது, வேலை தொடங்கிய பின் லைனில் முழு ஆட்கள் நிற்பது எப்போது என்று தனித்தனியாகக் கேட்டு, விடைகளை வீசாட்டில் (சீனர்கள் பயன்படுத்தும் செய்திச் செயலி) எழுத்தாகவே வாங்கிக்கொள்ளுங்கள். முதல் கேள்வியே மிக முக்கியமானது. முலாம் பூசுபவர், அட்டைப்பெட்டி செய்பவர், சர்க்யூட் போர்டு தருபவர் ஆகிய சிறிய பட்டறைக்காரர்கள் உங்கள் ஆலைக்கு ஓரிரு வாரம் முன்பே கதவைச் சாத்திவிடுவார்கள். பொருள் முழுவதும் தயாராகியும் பெட்டி வராமல் சரக்கு முடங்குவது அரிதான நிகழ்ச்சி அல்ல.

மூன்றாம் படி, பின்னிருந்து எண்ணுவது. 3,000 மேசை விளக்குகளை டொங்குவானில் செய்வித்து, 2027 புத்தாண்டுக்கு முன் யாண்டியன் துறைமுகத்திலிருந்து அனுப்புவதாகக் கொள்வோம். லைன் ஜனவரி 23 வாக்கில் நின்றுவிடும் என்று வைத்துக்கொண்டால், லாரி ஓட்டுநர்களும் ஊருக்குப் போகிறவர்களே என்பதால், கன்டெய்னர் ஜனவரி 20க்குள் கிளம்ப வேண்டும். தர ஆய்வை ஜனவரி 13க்கு வையுங்கள். குறை கண்டால் சரிசெய்ய ஒரு வாரமாவது மிஞ்ச வேண்டும். மூன்று வார அசெம்ப்ளி டிசம்பர் 21இல் தொடங்க, உதிரிபாகங்கள் டிசம்பர் 18க்குள் வந்துசேர, அவற்றுக்கான ஆர்டர் நவம்பர் நடுவிலேயே போயிருக்க வேண்டும். அதற்கு முன் இறுதி சாம்பிளுக்கு நீங்கள் ஒப்புதல் தந்திருக்க வேண்டும். சாம்பிள் இரண்டு சுற்றாவது திருத்தப்படும் என்பதையும், அக்டோபர் 1 தொடங்கித் தேசிய தின விடுமுறை குறுக்கே வரும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மோல்டின் (பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கும் அச்சின்) முதல் சோதனை செப்டம்பர் இறுதிக்குள் முடிந்தாக வேண்டும். பிப்ரவரிப் பண்டிகைக்குச் செப்டம்பரிலேயே ஓடுவது மிகையாகத் தோன்றும். எண்ணிப் பார்த்தால் மிகையல்ல.

நான்காம் படி பணம். வழக்கமாக 30 விழுக்காடு முன்பணம், மீதி 70 விழுக்காடு சரக்கு கிளம்புமுன். புத்தாண்டுக்குள் கடனைத் தீர்ப்பதும் தொழிலாளர்களுக்கு ஊதியமும் போனஸும் தருவதும் அங்கே வழக்கம் என்பதால், ஜனவரியில் மீதிப் பணத்தைச் சீக்கிரம் கேட்பார்கள். தொகையைத் தயாராக வைத்திருங்கள். ஆனால் ஆய்வு முடியாமல் அனுப்பாதீர்கள். 3,000 எண்ணிக்கைக்கு வழக்கமான மாதிரியெடுப்பு அட்டவணைப்படி 125 விளக்குகளை எடுத்துப் பார்ப்பார்கள். பெரிய குறைகளுக்கு AQL (ஏற்கத்தக்க தர எல்லை) 2.5 என்ற அளவுகோலில், குறையுள்ளவை ஏழு வரை இருந்தால் முழுச் சரக்கும் ஏற்பு, எட்டானால் நிராகரிப்பு.

இந்த நாட்களுக்குள் முடியாது என்று நவம்பரிலேயே தெரிந்தால் என்ன செய்வது? என் கருத்தில், அவசரப்படுத்துவதைவிடப் பண்டிகைக்குப் பிந்தைய உற்பத்திக்கு மாற்றிக்கொள்வதே நல்லது. டிசம்பரில் எந்த ஆர்டருக்கும் “முடியும்” என்றே ஆலை சொல்லும். கடைசி வாரத்தில் இரவு வேலை பார்த்து முடித்த சரக்கில்தான் குறைகள் கூடும். பாதி முன்பும் பாதி பின்பும் என்று ஒரே ஆர்டரைப் பிளப்பது இன்னும் மோசம். நான் ஒருமுறை அப்படிச் செய்தேன். முன்பகுதி நன்றாக வந்தது. பின்பகுதியில் பல விளக்குகளின் அடித்தட்டில், திருகு இறங்கும் பிளாஸ்டிக் குமிழ்கள் மயிரிழை போல வெடித்திருந்தன. லைனில் அந்தத் திருகை முடுக்கும் இடத்தில் இருந்த பெண் ஊரிலிருந்து திரும்பவில்லை. புதிதாக வந்தவர் மின் திருப்புளியின் முறுக்குவிசையைக் கூட்டி வைத்திருக்கிறார். போனஸ் வாங்கியபின் வேறு வேலைக்குப் போய்விடுவோர் அங்கே ஆண்டுதோறும் உண்டு.

எனவே, பண்டிகைக்குப் பின் ஆலை மீண்டும் தொடங்குவதைக் கவனிக்கும் ஐந்தாம் படியை யாரும் தவிர்க்கக் கூடாது. பல ஆலைகள் முதல் சந்திர மாதத்தின் எட்டாம் நாள் வாக்கில் பட்டாசு வெடித்து, தொழிலாளர்களுக்குச் சிவப்பு உறையில் பணம் கொடுத்துக் கதவைத் திறக்கும்; சில, பதினைந்தாம் நாளான விளக்குத் திருவிழா முடிந்தே முழுமையாக இயங்கும். திறந்த முதல் வாரத்தில் உங்கள் பொருளை லைனில் ஏற்ற விடாதீர்கள். ஏற்றும் நாளில், ஒப்புதல் பெற்ற சாம்பிளைப் புதிய ஆட்களின் மேசையில் வைக்கச் சொல்லுங்கள். முதல் 50 விளக்குகள் முடிந்ததும் லைனை நிறுத்தி, அவற்றில் ஐந்தைப் பிரித்து, உட்புறத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படம் வந்து நீங்கள் “சரி” என்று எழுதும் வரை ஐம்பத்தொன்றாவது விளக்கு தொடங்கக் கூடாது என்பதை ஆர்டர் தாளிலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.