மந்திர ஏடு என்று பரணில் போட்ட சுவடி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலைக்கு அருகே தம்பலகாமத்தில் எங்கள் அம்மம்மாவின் வீட்டுப் பரணில் சிவப்புத் துணியில் முடிந்த ஓலைச்சுவடி ஒன்று இருந்தது. ‘மந்திர ஏடு, கைவைக்காதே’ என்பதற்கு மேல் அதைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது. வீட்டில் இரண்டு பேர் அடுத்தடுத்து நோயில் விழுந்ததும் பெரியப்பா அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கோணேசர் மலையடியில் கடலில் விட்டுவிட்டு வந்தார். துணி மடிப்பில் ஓர் ஓலை மட்டும் தப்பிக் கிடந்தது. பல ஆண்டுகள் கழித்து, ஏடு படிக்கத் தெரிந்த ஒருவரிடம் அதைக் காட்டினேன். மாட்டுக்கு வயிறு ஊதினால் என்ன அரைத்துக் கொடுப்பது என்று எழுதியிருந்தது. மாட்டு வாகடம், அதாவது மாட்டு வைத்திய நூல்!

படிக்க முடியாததையெல்லாம் மந்திரம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. நம் வீடுகளில் மிஞ்சியிருப்பவற்றில் வாகடம், சோதிடம், கோயில் பத்ததி (பூசை முறை நூல்), அம்மன் பாடல், காணிக்கணக்கு என்று எதுவும் இருக்கலாம். இது நம்மவருக்கு மட்டும் உள்ள கோளாறு அல்ல. மந்திர நூலைக் குறிக்கும் ‘கிரிமுவார்’ என்ற பிரெஞ்சுச் சொல், இலக்கணத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. அன்று அங்கே இலக்கணம் என்றால் இலத்தீன். இலத்தீன் அறியாதவன் கண்ணுக்கு இலத்தீன் புத்தகம் எல்லாமே சூனியப் புத்தகம்தான்.

உண்மையான மந்திர ஏட்டில் கட்டங்களும் சக்கரங்களும் இருக்கும். ‘றீங்’, ‘சுவாகா’ போன்ற ஒலிகள் வரும். ஆளை மயக்கும் வசியம் முதல் உயிரைப் போக்கும் மாரணம் வரையிலான அட்டகர்மமும், அதாவது எட்டு வகை மந்திரச் செயல்களும், இருக்கலாம். ஆனால் அதே ஏட்டுக்கட்டில் விஷக்கடிக்குப் பார்வை பார்ப்பதும், நாவூறுக்கு (கண்ணேறுக்கு) தண்ணீர் ஓதுவதும், அதற்கான மூலிகையும் பத்தியமும் கலந்து கிடக்கும். பழைய பரிகாரிக்கு, அதாவது நாட்டு வைத்தியருக்கு, மந்திரமும் மருந்தும் ஒரே பெட்டிச் சாமான்.

அடுத்தது, ஏட்டின் தலையில் உள்ள பெயரை அப்படியே நம்புவது. ‘சாலமோனின் திறவுகோல்’ என்ற புகழ்பெற்ற மந்திர நூல் ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டளவில்தான் தலைகாட்டுகிறது. சாலமோன் அரசனோ அதற்கு 2,000 ஆண்டுகளுக்கு மேல் முந்தியவன். நமக்கு அகத்தியரும் இராவணனும் இருக்கிறார்கள். குழந்தைகளின் நோய்க்குத் தீய சக்திகளைக் காரணம் சொல்லும் ‘குமார தந்திரம்’ என்ற வடமொழி நூல் இராவணன் பெயரில் வழங்குகிறது. கோணேசர் மலையில் இராவணன் வெட்டியதாகச் சொல்லும் இராவணன் வெட்டையும், அவன் பெயரோடு சேர்த்துப் பேசும் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் பார்த்து வளர்ந்த நமக்கு அதை நம்ப எவ்வளவு ஆசையாக இருக்கும்! ஆசை சான்றாகாது. ஏட்டுக்குள்ளே தேட வேண்டும். அகத்தியர் பெயரிலுள்ள வைத்தியப் பாட்டில் ‘பறங்கிப்பட்டை’ என்ற மருந்துச்சரக்கு வந்தால், பறங்கியர் (போர்த்துக்கீசர்) வந்த பிறகு எழுந்த பாட்டு என்று ஐயப்படலாம். போர்த்துக்கீசர் இலங்கைக்கு வந்தது 1505இல்.

வாசிப்பில் நேரும் தவறுகள் தனிச் சுவை. சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்தின் மேல் புள்ளி இருக்காது, சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்காது. எகர ஏகாரம் ஒரே வடிவம். ரகரமும் காலும் (ா) ஒன்றுபோல் இருக்கும். ‘ஏடு’ என்பதும் ‘எடு’ என்பதும் ஒன்றே. ‘பெய்’ என்று மழைக்கு எழுதியதைப் ‘பேய்’ என்று வாசித்துவிட்டு நடுங்குவதற்கு வாய்ப்பு நிறைய உண்டு. நிறைகளுக்கும் அளவைகளுக்கும் சுருக்கக் குறிகள் வேறு. ‘கழஞ்சு’ என்ற சிறிய நிறையைப் ‘பலம்’ என்ற பெரிய நிறையாக வாசித்தால் மருந்து பல மடங்காகிவிடும்.

ஆகவே ஏட்டில் உள்ளதைச் செய்து பார்க்காதீர்கள். மந்திரம் பலிக்குமா என்பது உங்கள் நம்பிக்கை. பாதரசமும் நாபி என்ற நச்சுக்கிழங்கும் எட்டிக்கொட்டையும் நம்பாதவரையும் கொல்லும். முக்கியமான இடத்தில் ‘குருமுகமாய் அறிக’ என்று எழுதி நிறுத்திவிடும் ஏடுகளும் உண்டு. கற்பித்தவரின் வாய்ச்சொல் போனபின் நம் கையில் இருப்பது பாதிக் குறிப்பு.

மந்திரம் ஒரு மதத்தின் சொத்து என்று நினைப்பதும் பிழை. நடுவில் ஐந்தை வைத்து எப்பக்கம் கூட்டினாலும் 15 வரும் ஒன்பது கட்டத்தைச் செப்புத்தகட்டிலும் காணலாம், அரபு எழுத்துத் தாயத்திலும் காணலாம். மூதூர், கிண்ணியாப் பக்கத்தில் பழைய அரபு எழுத்துக் காகிதம் கிடைத்தால், அது அரபுமொழி என்று முடிவுகட்ட வேண்டாம். அரபு எழுத்தில் எழுதிய தமிழாகவும் இருக்கலாம்.

இனி, கையாளும் முறை. தண்ணீரில் கழுவ வேண்டாம், வெயிலில் காயவைக்க வேண்டாம், சமையல் எண்ணெய் தடவ வேண்டாம், லெமினேட் செய்யவே வேண்டாம். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். கயிற்றை அவிழ்க்கும் முன்பே ஏட்டுக்கட்டைப் படம் பிடியுங்கள். பிறகு ஒவ்வோர் ஓலையையும் இருபுறமும் எடுங்கள். வெளிநாட்டு உறவினரிடம் கொடுத்தனுப்பும் யோசனை இருந்தால் இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தை நினைவில் வையுங்கள். அனுமதியின்றித் தொல்பொருளை நாட்டைவிட்டுக் கொண்டுபோவது குற்றம். படியெடுத்து மின்னாக்கம் செய்ய இலங்கைத் தமிழ் ஆவணங்களை மின்னாக்கம் செய்யும் ‘நூலகம்’ நிறுவனம் போன்ற அமைப்புகளைக் கேட்கலாம்.

ஓலையின் ஓரத்தில் தமிழ் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதுதான் ஓலையின் வரிசை எண். எங்கள் ஓலையில் ௪௭ (47) என்று இருக்கிறது. அப்படியானால் அதற்கு முன்பு 46 ஓலைகளாவது இருந்திருக்க வேண்டும்.